செட்டிநாட்டுக் கிராமத்தில் தன்னார்வலராகத் தங்கப் போகிறீர்களா? கிளம்பும் முன் செய்யவேண்டியவை

நான் ஈப்போவில் பிறந்து வளர்ந்தவள். காரைக்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் வரும் ஒரு கிராமத்தில் பதினோரு மாதம் தங்கி, மாலைப் படிப்பகத்தில் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தேன். அது இரண்டாவது பயணம். முதல் பயணத்தில் ஐந்தாவது வாரமே பெட்டியைக் கட்ட வேண்டியதாயிற்று.

என்னை அழைத்த அமைப்பு, "இ-டூரிஸ்ட் விசா போதும், எல்லாரும் அப்படித்தான் வர்றாங்க" என்றது. நம்பி வந்தேன். எனக்கு அறை தந்த ஆச்சிக்கு எழுபத்திரண்டு வயது. வெளிநாட்டு ஆளைத் தங்கவைத்ததை ஏன் தெரிவிக்கவில்லை என்ற கேள்விக்குப் பதில் சொல்ல, அவர் காவல் நிலையத்தில் அரை நாள் உட்கார்ந்திருந்தார். அப்படி ஒரு விதி இருப்பது அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரிந்துகொண்டு வந்திருக்க வேண்டியவள் நான்.

நம் தாள்கள் சரியில்லையென்றால் நாம் விமானம் ஏறிவிடலாம். ஊரில் இருந்து பதில் சொல்லப்போவது நமக்குச் சோறு போட்டவர்கள். மலேசியா, சிங்கப்பூர், மொரிசியஸ், கனடா என்று எங்கிருந்து நீங்கள் வந்தாலும், இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளதைப் படியுங்கள். நாட்டுக்கு நாடு கட்டணமும் சில விதிகளும் மாறும். விண்ணப்பிக்கும் அன்று அரசுத் தளத்தில் ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள்.

1. எந்த விசா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

நீங்கள் தங்கப்போவது ஒரு மாதத்துக்குள் என்றால், சம்பளமோ கைமாறோ எதுவும் இல்லை என்றால், இ-டூரிஸ்ட் விசா போதும். குறுகிய காலத் தன்னார்வப் பணிக்கு அதில் இடம் உண்டு. ஆனால் உச்ச அளவு ஒரு மாதம். இங்கேதான் பலர் விழுகிறார்கள். விசா ஒரு வருடத்துக்கோ ஐந்து வருடத்துக்கோ கிடைத்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு "ஆறு மாதம் பாடம் நடத்தலாம்" என்று நினைத்துக்கொள்வோம். நாட்டில் இருக்க அனுமதிக்கும் காலம் வேறு, தன்னார்வப் பணிக்கு அனுமதிக்கும் காலம் வேறு. நான் தடுக்கி விழுந்ததும் இதில்தான்.

ஒரு மாதத்துக்கு மேல் என்றால் வேலை விசா எடுக்க வேண்டும். சம்பளம் இல்லாத கௌரவப் பணிக்குக்கூட, பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தில் பணியாற்ற அந்த விசாதான். எந்த அமைப்பில் பணி என்பது விசாவிலேயே குறிக்கப்படும். அதனால் வந்த பிறகு, "அந்த அமைப்பு பிடிக்கவில்லை, பக்கத்து ஊர் அமைப்பில் சேர்ந்துகொள்கிறேன்" என்று மாறிவிட முடியாது. சுற்றுலா விசாவில் வந்து உள்நாட்டிலேயே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் நாட்டிலிருந்துதான் விண்ணப்பிக்க வேண்டும்.

மூன்றாவது வழி ஓசிஐ அட்டை, அதாவது இந்திய வம்சாவளியில் வந்த வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்திய அரசு தரும் அட்டை. உங்கள் பெற்றோர், தாத்தா பாட்டி, அல்லது பூட்டன் பூட்டி இந்தியக் குடியுரிமைக்கு உரியவராக இருந்ததற்குச் சான்று இருந்தால் விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கக் கட்டணம் 275 அமெரிக்க டாலர். விசாவும் வேண்டாம், காவல்துறைப் பதிவும் வேண்டாம். ஆய்வு, மதப் பிரசாரம், ஊடகப் பணி போன்றவற்றுக்கு மட்டும் தனி அனுமதி கேட்க வேண்டும். ஆனால் மலேசியத் தமிழர்களில் பலருக்குப் பூட்டன் கப்பலேறி வந்த தாள் கையில் இருக்காது. பெயர் ஒரு தாளில் 'முத்தையா' என்றும் இன்னொன்றில் 'முத்தன்' என்றும் இருக்கும். இதைச் சரிசெய்யவே மாதக்கணக்கில் ஆகும். இந்த வருடப் பயணத்துக்கு ஓசிஐயை நம்பியிருக்காதீர்கள். விண்ணப்பம் ஒரு பக்கம் நடக்கட்டும்.

விண்ணப்பிக்கும் இணையதளத்திலும் கவனம் தேவை. இந்திய விசா என்று தேடினால் அரசுத் தளம் போலவே தோன்றும் தனியார் தளங்கள் முதலில் வந்து நிற்கும். அரசுக் கட்டணத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு வாங்குவார்கள். முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். விசா மறுக்கப்பட்டாலும் கட்டணம் திரும்ப வராது.

2. அமைப்பிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை

வாட்ஸப்பில் "வாங்க வாங்க" என்று சொல்வது அழைப்பு ஆகாது. இவற்றைத் தாளில் கேளுங்கள்: அமைப்பின் பதிவுச் சான்றிதழ் நகல், உங்கள் பெயர், பாஸ்போர்ட் எண், பணி, இடம், தொடங்கும் தேதி, முடியும் தேதி எல்லாம் குறிப்பிட்ட அழைப்புக் கடிதம், சம்பளம் இல்லை என்பதும், தங்குமிடம் யார் பொறுப்பு என்பதும் எழுதப்பட்ட ஒப்பந்தம். இதோடு உங்கள் பக்கத்திலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் உள்ள பாஸ்போர்ட், வெள்ளைப் பின்னணியில் இரண்டுக்கு இரண்டு அங்குலப் புகைப்படம், படிப்புச் சான்றிதழ்கள். மலேசியாவில் எடுக்கும் வழக்கமான பாஸ்போர்ட் புகைப்படம் இந்த அளவில் இருக்காது. ஸ்டூடியோவில் அளவைச் சொல்லி எடுங்கள்.

பிள்ளைகளோடு பழகும் பணி என்றால், உங்கள் நாட்டுக் காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழ் ஒன்றையும் கையோடு கொண்டுவாருங்கள். யாரும் கேட்காவிட்டாலும் கொடுங்கள். முன்பின் தெரியாத ஒருவரிடம் தங்கள் பிள்ளையை மாலை ஏழு மணிவரை விடுகிற பெற்றோருக்கு நாம் செய்யவேண்டிய குறைந்தபட்ச மரியாதை அது.

அரசுப் பள்ளிக்குள் பணி என்றால் தலைமையாசிரியர் வாயால் சொன்னது போதாது. கல்வி அலுவலகத்திலிருந்து எழுத்தில் அனுமதி பெற்றுத் தரும்படி அமைப்பைக் கேளுங்கள். நீங்கள் போய் நின்று கேட்டால் நாள்தான் வீணாகும்.

தொடக்கம் முதல் விசா கைக்கு வரும்வரை இரண்டு மாதம் ஒதுக்குங்கள். அதற்கு முன் டிக்கெட் எடுக்காதீர்கள்.

3. வீடு: யாருடைய வீடு என்று விசாரியுங்கள்

செட்டிநாட்டு வீட்டில் தங்குவது வெளியூரில் ஓர் அறை வாடகைக்கு எடுப்பது போன்றதன்று. தெருவுக்குத் தெரு அரண்மனை போல வீடுகள் நிற்கும். பாதி பூட்டிக் கிடக்கும். திறந்திருக்கும் வீட்டில் ஒரு ஆச்சியோ, ஒரு வயதான தம்பதியோ, காவலுக்கு ஒரு குடும்பமோ இருப்பார்கள். வளவு எனப்படும் உள்முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள் இருக்கும். ஒவ்வொரு அறையும் ஒவ்வொரு பங்காளிக்கு. ஒருவர் சென்னையில் இருப்பார், ஒருவர் கோயம்புத்தூரில், ஒருவர் சிங்கப்பூரில். நீங்கள் பார்த்துப் பேசுகிற ஆச்சிக்கு அந்த வீட்டில் ஒரு பங்குதான் இருக்கும்.

எனவே மூன்று கேள்விகள் கேளுங்கள். நான் தங்குவது பங்காளிகளுக்குத் தெரியுமா? எந்த அறையை, எந்தப் பகுதிகளை நான் புழங்கலாம்? வரும் மாதங்களில் வீட்டில் விசேஷம் ஏதும் இருக்கிறதா?

மூன்றாவது கேள்வியைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். எங்கே பிழைத்தாலும் கல்யாணம், அறுபதாம் கல்யாணம், முன்னோருக்கான படைப்பு என்றால் சொந்த வீட்டுக்கு வந்துதான் செய்வார்கள். அப்போது அறை வேண்டும், வளவு வேண்டும், வந்தவர்கள் படுக்க இடம் வேண்டும். நான் தை மாதத்தில் மூன்று நாள் அவகாசத்தில் அறையைக் காலிசெய்து, ஒரு வாரம் ஆசிரியை ஒருவர் வீட்டில் தங்கினேன். முன்பே தெரிந்திருந்தால் ஆச்சிக்கு அந்தத் தர்மசங்கடம் வந்திருக்காது. மாற்று இடம் ஒன்றை முதல் மாதத்திலேயே பேசிவையுங்கள்.

பணம் பேசுவது அடுத்த சிக்கல். "நீ எங்க வீட்டுப் பிள்ளை, உன்கிட்ட என்னத்த வாங்குறது" என்று சொல்வார்கள். அன்பில் சொல்வதுதான். ஆனாலும் கேஸ், மின்சாரம், பால் எல்லாம் காசு. நான் அறைக்கும் இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கும் மாதம் 7,000 ரூபாய் கொடுத்தேன். கையில் நீட்டினால் வாங்கமாட்டார். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, இரண்டு பழம், உறையில் பணம் வைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். போக்குவரத்து, போன், மதிய உணவு, மருந்து எல்லாம் சேர்த்து என் மாதச் செலவு 13,000 ரூபாய்க்குள் அடங்கியது. தனியாகச் சமைக்க விரும்பினால், வீட்டு இணைப்பு சிலிண்டருக்கு அலையாமல் ஐந்து கிலோ சின்ன சிலிண்டர் வாங்கிக்கொள்ளுங்கள். அடையாளச் சான்று ஒன்று போதும்.

4. வந்து இறங்கியதும்: 24 மணி நேரமும் 14 நாளும்

திருச்சி விமான நிலையம்தான் வசதி. அது புதுக்கோட்டைச் சாலையிலேயே இருக்கிறது. வாசலுக்கு வெளியே வந்தால் புதுக்கோட்டை பஸ் கிடைக்கும், அங்கிருந்து காரைக்குடிக்கு மாறலாம். மொத்தம் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். சென்னையில் இறங்குகிறவர்களுக்கு எழும்பூரிலிருந்து பிற்பகலில் கிளம்பும் பல்லவன் எக்ஸ்பிரஸ் காரைக்குடி வரை வருகிறது.

சரி, இப்போது இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

வெளிநாட்டுக் குடிமகன் ஒருவரைத் தங்கவைக்கிறவர், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் இணையவழியில் தெரிவிக்க வேண்டும். 'சி படிவம்' என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். ஓட்டலுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். சொந்தக்காரர் வீடானாலும், வாடகை வாங்காவிட்டாலும் பொருந்தும். இந்தக் கடமை வீட்டுக்காரர் தலையில் விழுகிறது. உங்கள் தலையில் இல்லை. அதனால்தான் நாம் அசட்டையாக இருந்துவிடுகிறோம்.

நீங்கள் வந்த பிறகு இதைத் தொடங்கினால் தாமதமாகிவிடும். ஏனென்றால் படிவம் நிரப்புவதற்கு முன்னால் வீட்டுக்காரர் அதற்கான அரசுத் தளத்தில் தன் பெயரில் ஒரு கணக்குத் தொடங்க வேண்டும். அதை அலுவலர் பார்த்து ஏற்க வேண்டும். அதற்குச் சில நாள் ஆகும். எனவே விசா வந்த அன்றே, டிக்கெட் எடுக்கும் முன்பே, கணக்கைத் தொடங்கச் சொல்லுங்கள். எழுபது வயது ஆச்சியிடம் இணையதளத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அமைப்பில் ஒருவரை வீட்டுக்கே அனுப்பி, ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து செய்யச் சொல்லுங்கள். என்ன கொடுக்கிறோம், எதற்குக் கொடுக்கிறோம் என்று அவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும்.

இங்கே செட்டிநாட்டுக்கே உரிய ஒரு முட்டுக்கட்டை உண்டு. முகவரிச் சான்றுக்கு மின் கட்டண ரசீது, வீட்டு வரி ரசீது கேட்பார்கள். இரண்டும் இறந்துபோன ஐயா பெயரில்தான் இருக்கும். பாகம் பிரியாத வீட்டில் யாரும் பெயர் மாற்றியிருக்கமாட்டார்கள். நாங்கள் அந்த ரசீதுகளோடு, ஆச்சி அதே கதவு எண்ணில் வசிப்பதைக் காட்டும் ஆதார் நகலையும் குடும்ப அட்டை நகலையும் சேர்த்து, ஒரு விளக்கக் கடிதம் வைத்தோம். ஏற்றுக்கொண்டார்கள். அந்தக் கடிதத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தயாராக வையுங்கள்.

உங்கள் வேலை விசா 180 நாளுக்கு மேற்பட்டதென்றால் இன்னொரு பதிவும் உண்டு. வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இணையதளமான இ-எஃப்ஆர்ஆர்ஓவில் நீங்கள் பதிய வேண்டும். பாஸ்போர்ட் முதல் பக்கம், விசாப் பக்கம், வந்திறங்கிய முத்திரை உள்ள பக்கம், புகைப்படம், சி படிவ நகல், அமைப்பின் கடிதம் எல்லாம் ஏற்ற வேண்டும். சி படிவம் இல்லையென்றால் இது நகராது. வந்திறங்கிய முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று விமான நிலையத்திலேயே பாருங்கள். கால தாமதத்துக்கு அபராதம் உண்டு. கோப்புகளை ஏற்றுவதற்குக் கிராமத்து இணைய வேகத்தை நம்பாமல் காரைக்குடிக்குப் போய்ச் செய்துவிடுங்கள்.

இரண்டும் முடிந்ததும், நகல்களை எடுத்துக்கொண்டு உங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்கு அமைப்பின் ஆளோடு ஒரு முறை போய், நீங்களே அறிமுகம் செய்துகொள்ளுங்கள். யாரும் சொல்லவில்லை, நான் இரண்டாம் முறை செய்தேன். அதன் பிறகு ஆச்சி வீட்டுக்கு யாரும் விசாரிக்க வரவில்லை. ஒரு செட் நகலை ஆச்சியின் இரும்புப் பெட்டியில் வைத்தோம். அவர் அதைப் பத்திரம் போலக் காப்பாற்றினார்.

5. போனும் பணமும்

சிம் கார்டுக்குப் பாஸ்போர்ட், விசா, புகைப்படம், உள்ளூர் முகவரி, உள்ளூரில் ஒருவருடைய போன் எண் வேண்டும். அந்த எண்ணுக்குக் கடவுச்சொல் வரும், அதனால் அவர் அழைப்பை எடுக்கக்கூடிய நேரத்தில் போங்கள். கிராமத்துப் பெட்டிக்கடையில் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டுக்குத் தர மாட்டார்கள். காரைக்குடியிலோ திருச்சியிலோ நிறுவனத்தின் சொந்தக் கடைக்குப் போங்கள்.

டீக்கடையிலும் எல்லாரும் போனில்தான் காசு அனுப்புகிறார்கள். வெளிநாட்டுக்காரருக்கு அது உடனே அமையாது. முதல் சில வாரத்துக்கு ரொக்கம் வேண்டும், அதுவும் பத்து, இருபது ரூபாய்த் தாள்களாக. டவுன் பஸ்ஸில் 500 ரூபாய் நீட்டினால் கண்டக்டருக்குச் சிரமம். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஏறினால் இலவசச் சீட்டு தருவார்கள். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், சோதனை வரும். வெளியூர்ப் பேருந்துகளில் இந்தச் சலுகை கிடையாது. ஏடிஎம்முக்கு டவுனுக்குத்தான் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் உங்கள் வங்கி கட்டணம் பிடிக்கும் என்பதால் அடிக்கடி சின்னத் தொகையாக எடுக்காதீர்கள்.

6. நன்கொடை கொண்டுவரும் முன் நில்லுங்கள்

இதைத் தனித் தலைப்பில் எழுதக் காரணம், நல்ல மனதோடு செய்து மாட்டிக்கொள்வது இதில்தான். மலேசியாவில் நண்பர்கள் சேர்ந்து மூவாயிரம் ரிங்கிட் கொடுத்தனுப்பினார்கள். படிப்பகத்துக்குப் புத்தக அலமாரி வாங்க. நான் அதை அப்படியே அமைப்பிடம் கொடுக்க இருந்தேன். கணக்கு பார்க்கும் தம்பி தடுத்தார்.

வெளிநாட்டுக் குடிமகன் ஒருவர் தொண்டு அமைப்புக்குத் தரும் பணம் வெளிநாட்டு நன்கொடை. ரூபாயாக மாற்றிக் கொடுத்தாலும், பூர்வீகம் இந்தியாவானாலும், ஓசிஐ அட்டை இருந்தாலும் அப்படித்தான். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்புதான் அதை வாங்கலாம். அதுவும் புது டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அவர்களுக்கு இருக்கும் தனிக் கணக்கு வழியாக மட்டுமே வாங்க வேண்டும். சிறிய கிராம அமைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் பதிவு கிடையாது. உங்கள் கையிலிருந்து வாங்கிக்கொண்டால் சிக்கல் அவர்களுக்கு. இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தைக் கொடுத்தால் இந்தத் தடை இல்லை.

ஆகவே முதலில் அமைப்பிடம் அந்தப் பதிவு உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் பணத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். அலமாரி பிறகு உள்ளூர்த் தச்சர் ஒருவர் பழைய கதவுப் பலகையில் செய்து கொடுத்தார். ஊர்க்காரர்கள் கூலி போட்டுக்கொண்டார்கள். தங்கள் அலமாரி என்ற எண்ணம் அவர்களுக்கு வந்தது.

7. முதல் மாதம் ஊரோடு பழகுதல்

முதல் இரண்டு வாரம் வகுப்பு எதையும் தொடங்காதீர்கள். காலையில் தெருவில் நடந்து போங்கள், கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லுங்கள். "எங்கேர்ந்து வந்திருக்கீக?" "யார் வீட்டுல இருக்கீக?" "பூர்வீகம் எந்த ஊரு?" இந்த மூன்று கேள்விகள் நாளுக்கு இருபது முறை வரும். சலித்துக்கொள்ளாதீர்கள். ஊருக்கு உங்களை எங்கே வைப்பது என்று தெரிய வேண்டும்.

மூன்றாவது கேள்விக்குப் பின்னால் பல சமயம் சாதி இருக்கும். நான் "தாத்தா ஈப்போ ரப்பர்த் தோட்டத்துல வேலை பார்த்தவரு" என்று மட்டும் சொல்வேன். அதற்கு மேல் கேட்டால், "எனக்குத் தெரியலண்ணே, தெரிஞ்சிக்க விருப்பமும் இல்ல" என்று மரியாதையாகச் சொல்லி நிறுத்திக்கொள்வேன். இதில் நீங்கள் சொல்லும் பதிலைப் பொறுத்துச் சில வீட்டுக் கதவுகள் திறக்கும், சில மூடும். எட்டாவது தலைப்பில் இதற்குத் திரும்ப வருகிறேன்.

வயதான பெண்களை ஆச்சி என்று பொதுவாக அழைக்கலாம் என்று நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. செட்டியார் வீட்டுப் பெண்களை ஆச்சி என்பார்கள். மற்ற வீடுகளில் அப்பத்தா, அம்மாச்சி, அத்தை, அக்கா என்று அந்த வீட்டுப் பிள்ளைகள் எப்படி அழைக்கிறார்களோ அப்படி அழைத்தால் பிழை வராது. ஆண்களுக்கு அண்ணே, ஐயா போதும். கிளம்பும்போது "போறேன்" என்று சொல்லாதீர்கள். "போயிட்டு வர்றேன்" என்று சொல்லுங்கள்.

மலேசியத் தமிழர்களுக்கு ஒரு சந்தோஷமான செய்தி. காலை உணவுக்கு நாம் சொல்கிற 'பசியாறுவது' இங்கேயும் வழக்கில் உண்டு. "பசியாறியாச்சா?" என்று ஆச்சி முதல் நாள் கேட்டபோது எனக்கு ஈப்போ வீட்டு அடுப்படி நினைவுக்கு வந்துவிட்டது. வெள்ளைப் பணியாரம், இடியாப்பம், அரிசி கழுவிய கழனித் தண்ணீரில் வைக்கும் வெண்டைக்காய் மண்டி என்று வரிசையாக வரும். போதும் என்றால் இலைக்கு மேல் கையை வைத்து மறையுங்கள். வாயால் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். எந்த உணவு உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்பதை மட்டும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சமைத்து வைத்த பிறகு மறுத்தால் வருத்தப்படுவார்கள்.

ஊர்ப் பொதுக் குளமான ஊருணியைப் பற்றி அவசியம் தெரிந்துகொள்ளுங்கள். மழை பெய்தால்தான் தண்ணீர் என்ற செம்மண் பூமி இது. குடிக்கிற ஊருணி வேறு, குளிக்கிற ஊருணி வேறு. குடிநீர் ஊருணிப் படியில் செருப்போடு இறங்குவதோ, கால் கழுவுவதோ கூடாது. புகைப்படம் எடுக்கும் ஆசையில் ஒரு வெளிநாட்டு நண்பர் இறங்கிவிட்டார், அதற்கு நான் நான்கு பேரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

வீடுகளைப் படம் எடுப்பதிலும் கவனம் வேண்டும். பூட்டிய வீட்டின் நிலைக்கதவு, தூண், பழைய பொருள்கள் எல்லாவற்றுக்கும் சந்தையில் விலை உண்டு. நீங்கள் ஊர்ப் பெயரோடு இணையத்தில் போடும் படம், ஆளில்லாத வீடு எது என்று திருடனுக்குக் காட்டிக்கொடுக்கும். முகப்பைத் தாண்டி உள்ளே எடுத்த எந்தப் படத்தையும் கேட்காமல் போடாதீர்கள். பிள்ளைகள் படத்தைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் போடவே வேண்டாம்.

கிராம சபை நடக்கும் நாட்களில் போய் உட்கார்ந்து கேளுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகியவை நிச்சயம் உண்டு. ஊரின் உண்மையான பிரச்சினைகள் அங்கே தெரியும். ஆனால் மனுவில் கையெழுத்துப் போடாதீர்கள், மேடையில் பேசாதீர்கள், கட்சிக் கூட்டங்களுக்குப் போகாதீர்கள். உங்கள் விசா அதற்கு இல்லை.

8. வகுப்பு எங்கே நடக்கிறது என்பதில் பிடிவாதமாக இருங்கள்

முதலில் எனக்குக் கொடுத்த இடம் ஒரு பெரிய வீட்டின் திண்ணை. குளிர்ச்சியான ஆத்தங்குடிக் கல் பதித்த அழகான இடம். இருபது பிள்ளைகள் வந்தார்கள். மூன்று வாரம் கழித்துத்தான் கவனித்தேன், தலித் மக்கள் வாழும் காலனித் தெருவிலிருந்து ஒரு பிள்ளைகூட வரவில்லை. யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. அந்தத் திண்ணையில் ஏற அவர்கள் பழகவில்லை, அவ்வளவுதான். யார் தடுத்தார்கள் என்று தேடினால் ஒருவர் பெயரும் கிடைக்காது.

எனவே இடத்தை ஒப்புக்கொள்ளும் முன் ஊரின் எல்லாத் தெருக்களையும் நடந்து பாருங்கள். எல்லாப் பிள்ளைகளும் ஏற்கெனவே போய் வருகிற இடம் எது? பெரும்பாலும் அது பள்ளிக்கூடத் தாழ்வாரமாகவோ, அங்கன்வாடியாகவோ, ஊராட்சிக் கட்டடமாகவோ இருக்கும். தலைமையாசிரியரும் ஊராட்சித் தலைவரும் அனுமதி தர ஒரு மாதம் ஆனது. காத்திருந்தேன். இடம் மாறிய பிறகு முதல் வாரம் பாதிப் பிள்ளைகள் குறைந்தார்கள், பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். காலனிப் பிள்ளைகள் ஒன்பது பேர் சேர்ந்தார்கள். தண்ணீர்க் குடத்துக்கு ஒரே டம்ளர்தான் என்று முதல் நாளே வைத்தேன். அதைப் பற்றி எந்தப் பேச்சும் பேசவில்லை. நானும் அதிலேயே குடித்தேன்.

ஆச்சி இதை எப்படி எடுத்துக்கொள்வாரோ என்று பயந்தேன். ஒரு வாரம் அதிகம் பேசவில்லை. பிறகு ஒரு நாள், "ஒம்பது புள்ளைகளுக்கும் சேத்து சீயம் சுட்டேன், எடுத்துட்டுப் போ" என்று தூக்குச்சட்டியை நீட்டினார்.

நேரம்: மாலை ஐந்திலிருந்து ஏழு. பள்ளி ஆண்டு ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடியும். எனவே ஜூனில் வந்து சேர்வதுதான் நல்லது. ஜனவரியில் வந்தால் பொங்கல், தைப்பூசம் என்று ஊரே அங்கும் இங்குமாக இருக்கும். காவடி எடுத்துப் பழனிக்கு நடைப்பயணம் போகிற வீடுகளில் பெரியவர்கள் யாரும் இருக்கமாட்டார்கள். சுற்றுவட்டாரத்தில் தை மாதம் மஞ்சுவிரட்டும் நடக்கும். பொட்டலில் மாடுகளை அவிழ்த்துவிடுவார்கள், வேடிக்கை பார்க்கிறவர்களையும் குத்தும். உள்ளூர்க்காரர் சொல்கிற மேட்டில் நின்று மட்டும் பாருங்கள்.

9. உடம்பு

ஏப்ரல் முதல் ஜூன் வரை வெயில் 40 டிகிரியை ஒட்டி அடிக்கும். பதினொன்றிலிருந்து நான்கு மணிவரை வெளியே அலையாதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, அதோடு கொசு. கொசுவலை கொண்டுவர மறந்தால் காரைக்குடியில் வாங்கலாம்.

தெருநாய் கடித்தாலோ பிறாண்டினாலோ உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தடுப்பூசி இலவசம், எல்லாத் தவணையும் முடிக்க வேண்டும். இரவில் டார்ச் இல்லாமல் கொல்லைப்பக்கம் போகாதீர்கள். தரையில் படுக்காதீர்கள், கட்டுவிரியன் கடித்தது வலிக்காமலே போய்விடும். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். அசையாமல் இருந்து 108க்கு அழையுங்கள். காரைக்குடியில் அரசு மருத்துவமனை உண்டு, சிவகங்கையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தினமும் சாப்பிடும் மருந்து இருந்தால் மருத்துவர் சீட்டோடு மூன்று மாதத்துக்குக் கொண்டுவாருங்கள். மருத்துவக் காப்பீடு இல்லாமல் கிளம்பாதீர்கள்.

10. கிளம்பும்போது

நினைவுக்காக எதையாவது வாங்க மனம் துடிக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பித்தளை, எனாமல், மரச் சாமான்கள் விற்கும் கடைகள் உண்டு. நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை நாட்டைவிட்டு எடுத்துப்போவது 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஓலைச்சுவடி, கையெழுத்துப் படி என்றால் 75 வருடம். ஆச்சியே அன்பில் ஒரு பழைய விளக்கைக் கொடுத்தாலும் வாங்கவேண்டாம். விமான நிலையத்தில் பிடித்தால், "எங்கே கிடைத்தது?" என்ற கேள்வி அவர் வீட்டுக்குத்தான் போகும். பனையோலைக் கொட்டான், கண்டாங்கிச் சேலை, புதிதாகச் செய்த ஆத்தங்குடிக் கல் ஒன்றிரண்டு போதும். கல் கனம், உடையும், சேலைக்கு நடுவில் சுற்றிக் கட்டுங்கள்.

வகுப்பை யார் தொடர்ந்து நடத்துவது என்பதைக் கடைசி மூன்று மாதத்திலேயே முடிவு செய்யுங்கள். எங்கள் ஊரில் அழகப்பா பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு தங்கை பொறுப்பேற்றார். பிள்ளைகளின் வருகைப் பதிவு, எந்தப் பிள்ளை எந்த எழுத்தில் தடுமாறுகிறது என்ற குறிப்பு, அலமாரிச் சாவி மூன்றையும் அவரிடம் ஒப்படைத்தேன். கடைசி மாதம் அவர் வகுப்பெடுக்க, நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

எஃப்ஆர்ஆர்ஓ பதிவுச் சான்றின் அச்சுப் பிரதியைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், குடியேற்றத்தில் கேட்டால் உடனே காட்ட. நீங்கள் கிளம்பிய தேதியையும் வீட்டுக்காரர் கணக்கில் ஏற்றச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அதை நான் பஸ் ஏறுவதற்கு முன்னால், திண்ணையில் ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கண் முன்னாலேயே செய்துவிட்டு எழுந்தேன்.